பையர் போட்ட நிபந்தனையை ஏஜெண்ட் ஏன் விழுங்கியது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவை (ஆர்டரை முதல் முதல் கடைசி வரை நடத்தும் பிரிவு) பார்த்துக்கொள்கிறேன். கொஞ்ச காலமாக ஒரு ஏஐ ஏஜெண்ட் வைத்திருக்கிறோம். எங்கள் ஐடி பையன் கட்டியது. பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம், அனுப்பும் மெயில்களைப் படித்து, ஆர்டர் நிலவரத்தைக் குறித்துக்கொண்டு, டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்குப் போக வேண்டிய மெயில்களை எழுதித் தரும். அனுப்புவது நாங்கள்தான். போன மாதம் ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டரில் பையர் எழுதியது இது (லேப் டிப் என்பது ஒப்புதலுக்காகச் சாயம் ஏற்றிக் காட்டும் மாதிரித் துணி, பல்க் என்பது மொத்தத் துணி, ஷேட் என்பது நிறச் சாயல், டி65 என்பது நிறம் பார்க்கும் தரப்படுத்திய பகல் வெளிச்சம்): "லேப் டிப் பி, பல்க்குக்குச் சரி. ஆனால் டி65 வெளிச்சத்தில் இதைவிட ரெட்டிஷாகப் போகக்கூடாது. முதல் லாட் ஷேட் பார்த்து நாங்கள் எழுத்தில் சொல்லும் வரை மீதித் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டாம்." பத்து நாள் கழித்து ஏஜெண்ட் டையிங் யூனிட்டுக்கு எழுதிய மெயிலில், "லேப் டிப் பி ஒப்புதல் ஆகிவிட்டது, மொத்தத் துணியையும் எடுத்துக்கொள்ளவும்" என்று இருந்தது. அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். "உரையாடல் நீளமானதும் அது தானாகச் சுருக்கிக்கொள்ளும், அதில் அந்த வரி போய்விட்டது" என்கிறான் பையன். "முக்கியமான எதையும் விடாதே" என்று ஏற்கெனவே எழுதித்தான் வைத்திருக்கிறோம். இன்னும் பெரிய மாடல் வாங்கினால் சரியாகுமா? அல்லது சுருக்கவே விடாமல் செய்ய வழி உண்டா?

பதில்: உங்கள் ஐடி தம்பி சொன்ன காரணம் சரிதான், அவரைத் திட்ட வேண்டாம். இந்த மாதிரி ஏஜெண்ட் கட்டுகிறவர்களில் அநேகம் பேர் இடறும் இடம் இது. ஆனால் "வரி போய்விட்டது" என்பதோடு விட்டுவிடாமல், அந்தச் சுருக்கத்தையே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"போலோ ஆர்டர்: லேப் டிப் பி ஒப்புதல். அடுத்து பல்க் டையிங். பட்டன் நிறம் நிலுவை. ஷிப்மெண்ட் ஏப்ரல் 18."

இதில் பொய் எதுவும் இல்லை. லேப் டிப் பி-க்கு ஒப்புதல் வந்தது உண்மை. அடுத்த வேலை பல்க் டையிங் என்பதும் உண்மை. உங்கள் பிரிவில் நேற்றுச் சேர்ந்த ஒருவரிடம் இந்த நாலு வரியைக் கொடுத்து டையிங்குக்கு மெயில் போடச் சொன்னாலும் இதே மெயிலைத்தான் போட்டிருப்பார். அதாவது மெயில் எழுதும்போது ஏஜெண்ட் தப்புச் செய்யவில்லை. தப்பு அதற்கு முன்னாலேயே, யாரும் பார்க்காத நேரத்தில், சுருக்கும்போது நடந்து முடிந்துவிட்டது. அதனால்தான் மெயில் எழுதும் இடத்தில் எவ்வளவு கண்டிப்பான உத்தரவு போட்டாலும் பலன் இருக்காது. அந்த இடத்துக்கு வரும்போது நிபந்தனை என்று ஒன்று இருந்த சுவடே அதனிடம் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடலுக்கு, அதாவது ஏஜெண்டுக்குள் படித்து எழுதும் ஏஐக்கு, சொந்தமாக நினைவு கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், அதுவரை நடந்த மொத்த உரையாடலையும் ஏஜெண்ட் புரோகிராம் மறுபடி அனுப்புகிறது. மாடல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கிறது. ஒரே தடவையில் எவ்வளவு படிக்க முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) கணக்கில் அளப்பார்கள். 2020-இல் வந்த ஜிபிடி-3 மாடலுக்கு 2,048 டோக்கன். 2024-இல் ஜெமினி 1.5 புரோ மாடல் 20 லட்சம் டோக்கன் வரை போனது. தமிழில் எழுதினால் இந்தக் கொள்ளளவு ஆங்கிலத்தைவிடச் சீக்கிரம் தீரும். அதே விஷயத்துக்குத் தமிழில் பெரும்பாலான மாடல்கள் அதிக டோக்கன் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பேசி அதையும் ஏஜெண்டுக்குள் கொட்டுகிறார்கள் என்றால், வரம்பு நீங்கள் நினைப்பதைவிட முன்னாலேயே வந்துவிடும். வரம்பு நெருங்கியதும் புரோகிராம் மாடலிடமே "இதுவரை நடந்ததைச் சுருக்கிக் கொடு" என்று கேட்கும். வந்த சுருக்கத்தை வைத்துக்கொண்டு பழையதை மாடலின் பார்வையிலிருந்து எடுத்துவிடும். பிறகு வேலை ஒன்றும் நடக்காததுபோல் தொடரும்.

"முக்கியமான எதையும் விடாதே" என்று எழுதி வைத்தும் ஏன் விட்டது? எது முக்கியம் என்பது சுருக்குகிற நிமிஷத்தில் தெரியாது. பையர் மெயில் வந்த அன்று ஷேட்தான் பேச்சு. சுருக்கம் நடந்த அன்று கார்ட்டன் மார்க்கிங் பற்றியோ பட்டன் பற்றியோ பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள். அந்த வேலையின் கண்ணோடு பின்னால் திரும்பிப் பார்த்தால், ஷேட் விவகாரம் முடிந்துபோன கதை. "ஒப்புதல்" என்ற ஒரு சொல்லே போதும் என்று தோன்றும். இன்னொன்று, எந்தச் சுருக்கத்திலும் முடிவுகள் நிற்கும், அந்த முடிவைக் கட்டிப்போட்டிருக்கும் துணை வாக்கியங்கள் உதிரும். மனிதர்கள் எழுதும் மீட்டிங் மினிட்ஸிலும் இதுதான் கதை. உங்கள் உத்தரவில் "முக்கியமான" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தீர்ப்பையும் வைத்து, அதை மாடலின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

பெரிய மாடல் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போகும், தீராது. கொள்ளளவு கூடினால் சுருக்கம் பத்து நாளில் நடப்பதற்குப் பதில் நாற்பது நாளில் நடக்கும். உங்கள் ஆர்டர்கள் ஓடுவதோ மாதக்கணக்கில். ஒவ்வொரு கேள்விக்கும் மொத்த உரையாடலையும் அனுப்புவதால் பில்லும் ஏறும். அதோடு, உள்ளே இருக்கிறது என்பதாலேயே மாடல் கவனித்துவிடும் என்றும் இல்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்தது: நீளமான உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் தகவலை மாடல்கள் நன்றாகப் பயன்படுத்தின, நடுவில் கிடப்பதைக் கோட்டைவிட்டன. அதற்குப் பிறகு வந்த மாடல்கள் இதில் நிறைய முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் ஒரு கன்டெய்னர் துணியை அந்த நம்பிக்கையில் சாயத்தில் இறக்க நான் சொல்ல மாட்டேன்.

சுருக்காமலே இருக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு. ஒரே உரையாடலில் எல்லா ஆர்டரையும் ஓட்டாமல் ஸ்டைலுக்கு ஒன்று என்று பிரித்தாலே சுருக்கம் குறையும். இதை நாளைக்கே செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் பெரிய ஆர்டர் ஒன்றே வரம்பைத் தொட்டுவிடும். ஆகவே சுருக்கம் நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

சரி, என்ன செய்வது? நிலப் பத்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள். கிரயப் பத்திரத்தின் முன்பகுதியில் இந்த நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கதையை நாலு வரியில் சுருக்கிவிடுவார்கள், யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் கடைசியில் வரும் சொத்து விவரத்தில் கை வைக்க மாட்டார்கள். சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை, எல்லாம் மூலப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறங்கும். "வடக்கே வாய்க்கால்" என்று இருந்தால் அடுத்த பத்திரத்திலும் "வடக்கே வாய்க்கால்"தான். "வடபுறம் நீர்நிலை" என்று யாரும் அழகுபடுத்துவதில்லை. உங்கள் ஏஜெண்டுக்கும் அதேதான் தேவை. நடந்த கதையை அது எப்படி வேண்டுமானாலும் சுருக்கட்டும். கட்டுப்படுத்தும் வாசகம் சுருக்குகிற கையின் வழியாகவே போகக்கூடாது. அதற்குத் தனி இடம் வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் புரோகிராமே எடுத்து மாடலின் முன் வைக்க வேண்டும்.

இதில் ஐடி தம்பி கவனிக்க வேண்டியது, அந்தத் தனி இடத்தில் எப்போது எழுதுவது என்பது. மெயில் வந்த உடனே. சுருக்கும் நேரத்தில் பொறுக்கலாம் என்று வைத்தால் மறுபடியும் பழைய பிரச்சினைதான். பையர் மெயில் உள்ளே வந்ததும், வேறு எந்த வேலைக்கும் முன்னால், "இதில் நம்மைக் கட்டுப்படுத்தும் வாசகம் உண்டா" என்று மட்டும் மாடலிடம் கேட்டு, உண்டென்றால் பதிவு செய்துவிட வேண்டும். அந்தப் பதிவை உங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவர் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று தட்டினால் இன்னும் நல்லது, அரை நிமிஷ வேலை. உங்கள் விஷயத்தில் பதிவு இப்படி இருந்திருக்கும்:

"பதிவு 14. ஆர்டர்: போலோ. சொன்னது: பையர் தரப்பு. எதில்: லேப் டிப் மெயில், வந்த தேதியுடன். வாசகம்: ‘முதல் லாட் ஷேட் பார்த்து நாங்கள் எழுத்தில் சொல்லும் வரை மீதித் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டாம்.’ எதைத் தடுக்கிறது: முதல் லாட் தவிர்த்த பல்க் டையிங். எப்போது தீரும்: முதல் லாட் ஷேட்டுக்கு எழுத்து ஒப்புதல் வந்ததும். நிலை: நடப்பில்."

வாசகம் என்ற இடத்தில் இருப்பது பையரின் எழுத்து, ஒரு எழுத்தும் மாறாமல், அவர் எழுதிய மொழியிலேயே. அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஆங்கில மெயிலைத் தமிழில் சுருக்கி, அந்தச் சுருக்கத்திலிருந்து மறுபடி ஆங்கிலத்தில் மெயில் எழுத வைப்பது நிறைய இடங்களில் நடக்கிறது. போகவர இரண்டு பக்கமும் தேய்மானம். உங்கள் ஆட்கள் படிக்கத் தமிழ் விளக்கம் வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக இருக்கட்டும், அதை ஏஜெண்ட் ஆதாரமாக எடுக்கக்கூடாது.

பதிவுக்கு எண் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சுருக்கம் எழுதும்போது மாடல் அந்த விஷயத்தைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லாமல், "லேப் டிப் பி: பதிவு 14 பார்க்க" என்று எண்ணை மட்டும் சுட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால், பதிவில் ஒரு வாசகமும் சுருக்கத்தில் அதன் இளகிய வடிவமும் ஆக இரண்டு இருக்கும், மாடல் எதை எடுக்கும் என்று நிச்சயமில்லை. சுருக்கம் கேட்கும் உத்தரவில் "முக்கியமான எதையும் விடாதே" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "எண்ணிட்ட பதிவுகள் தனியே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் உள்ளடக்கத்தைத் திருப்பி எழுதாதே, எண்ணை மட்டும் குறிப்பிடு. ஒப்புதல், தேதி, அளவு பற்றிப் பதிவில் இல்லாத எதையாவது எழுத நேர்ந்தால், யார் சொன்னது என்பதோடு மேற்கோளாக எழுது." நீளம் கூடத்தான் செய்யும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது.

எதையெல்லாம் பதிவு செய்வது? இங்கேதான் உங்கள் அனுபவம் வேண்டும். ஐடி தம்பிக்கு இது தெரியாது, மாடலுக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். நிபந்தனையோடு வரும் ஒப்புதல்கள் எல்லாமே, குறிப்பாக பிபி சாம்பிளுக்கு (உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு) வரும் ‘ஓகே வித் கமெண்ட்ஸ்’. சுருக்கத்தில் ஓகே தங்கும், கமெண்ட்ஸ் போய்விடும். அடுத்து அளவுகள். "180 ஜிஎஸ்எம், 5 சதவீதம் கூடக்குறைய" என்பது (ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சுருக்கத்தில் 180 ஆகிவிடும். "மூன்று வாஷுக்குப் பிறகு ஷ்ரிங்கேஜ் 5 சதவீதத்துக்குள்" என்பது (ஷ்ரிங்கேஜ் என்றால் துணி சுருங்கும் அளவு) "ஷ்ரிங்கேஜ் 5 சதவீதம்" என்று நிற்கும். மூன்று வாஷ் காணாமல் போனால் லேப் டெஸ்ட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேதிகளில் இரண்டு வில்லங்கம். மேலே நான் எழுதிக் காட்டிய சுருக்கத்தில் "ஷிப்மெண்ட் ஏப்ரல் 18" என்று இருக்கிறதே, அது ஃபேக்டரியை விட்டு சரக்கு கிளம்பும் தேதியா, தூத்துக்குடியில் கப்பல் ஏறும் தேதியா? மூல மெயிலில் தெளிவாக இருந்திருக்கும். இன்னொன்று "அடுத்த வெள்ளிக்குள்" மாதிரியானவை. மெயில் வந்த தேதி கூடவே இல்லாவிட்டால் அது எந்த வெள்ளி என்று மூன்று வாரம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

லேபிள் வாசகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே மாடல் கெட்டிக்காரத்தனமாகவே தப்புச் செய்யும். ஃபைபர் காம்போசிஷனில் (எந்த இழை எவ்வளவு என்ற விவரத்தில்) "எலாஸ்டேன்" என்று இருந்தால், அதுவும் "ஸ்பான்டெக்ஸ்" என்பதும் ஒன்றுதானே என்று சுருக்கும்போது மாற்றி எழுதிவிடலாம். இழை என்னவோ ஒன்றுதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிமுறை லேபிளில் போட வேண்டிய இழைப் பெயர்களுக்குப் பட்டியலே வைத்திருக்கிறது, அதில் இருப்பது எலாஸ்டேன். அமெரிக்கப் பையர்கள் பழகியது ஸ்பான்டெக்ஸ். இரண்டு சந்தைக்கும் ஆர்டர் ஓடும்போது இந்த மாற்றம் பிரிண்ட் ஆகி வந்த லேபிளில்தான் தெரியவரும். கேர் லேபிள், கார்ட்டன் மார்க், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர், எச்.எஸ். கோட் (சுங்கத்துக்கான சரக்கு வகை எண்), இதெல்லாம் அர்த்தம் சரியாக இருந்தால் போதாது, எழுத்தே சரியாக இருக்க வேண்டிய வகை.

யார் சொன்னது என்பது கடைசியாக, ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் மெர்ச்சண்டைசர் ஏஜெண்டிடம் "பையர் இதுக்கு ஒத்துக்குவாங்கன்னு நினைக்கிறேன், நீ டிராஃப்ட் போடு" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். ஒரு சுருக்கத்தில் அது "பையர் ஒத்துக்கொள்வார் என எதிர்பார்ப்பு". அடுத்த சுருக்கத்தில் "பையர் ஒப்புதல்". சுருக்கத்தைச் சுருக்கும்போது நடப்பது இதுதான், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வடிந்து நிச்சயம் ஏறும். பதிவில் ‘சொன்னது’ என்ற கட்டம் காலியாக இருந்தால் பதிவையே ஏற்காதபடி புரோகிராம் எழுதச் சொல்லுங்கள்.

இதே ஓட்டை வழியாக வெளியாட்களும் நுழையலாம். சப்ளையர் ஒருவர் அனுப்பும் மெயிலின் அடியில் ஏதோ பழைய ஃபார்வர்டு, அதில் "இனி எந்த ஷேட் ஒப்புதலும் தேவையில்லை" என்று ஒரு வரி. படிக்கும்போது அது சப்ளையர் மெயிலில் இருந்தது என்று மாடலுக்குத் தெரியும். சுருக்கிய பிறகு அது வெறும் ‘தகவல்’. அதனால் மேலே சொன்ன பதிவில், பையர் பெயரில் நம்மைக் கட்டுப்படுத்தும் அல்லது விடுவிக்கும் எதுவும் பையரின் மெயில் ஐடியிலிருந்து வந்ததாக இருந்தால் மட்டுமே செல்லும் என்று வைக்க வேண்டும்.

வாசகம் மாறவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? மாடலிடம் கேட்கக் கூடாது, "ஆம், அப்படியே எழுதினேன்" என்றுதான் சொல்லும். பதிவில் உள்ள வாசகம் மூல மெயிலுக்குள் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சாதாரண புரோகிராம் கோடே தேடிப் பார்க்கட்டும், இல்லையென்றால் பதிவைத் திருப்பி அனுப்பட்டும். தமிழில் இதைச் செய்யும்போது ஒரு குழி இருக்கிறது, ஐடி தம்பியிடம் காட்டுங்கள். ‘கொ’ என்பதில் வரும் கொம்பும் காலும் யுனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில்) ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், கோடுக்கு இரண்டும் வேறு. தேடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆங்கில மெயில்களில் வளைந்த மேற்கோள் குறி, உடையாத ஸ்பேஸ், குட்டைக் கோட்டுக்குப் பதில் நீளக் கோடு, இவையும் இதே தொல்லையைக் கொடுக்கும். இதைக் கவனிக்காவிட்டால் சரியான பதிவுகளெல்லாம் நிராகரிக்கப்பட்டு, இரண்டே நாளில் யாராவது அந்தச் சோதனையை அணைத்து வைத்துவிடுவார்கள்.

மூல உரையாடலை அழிக்காதீர்கள். சுருக்கியதும் பழையது போய்விட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. மாடலின் பார்வையிலிருந்து விலகினால் போதும், டேட்டாபேஸில் கிடக்கட்டும். எழுத்துக்கு ஆகும் இடம் ஒன்றுமே இல்லை. சந்தேகம் வந்தால் ஏஜெண்டே மெயில் எண்ணைக் கொடுத்து மூலத்தைத் திறந்து படிக்க ஒரு வசதி செய்து கொடுங்கள். அடுத்த சுருக்கம் செய்யும்போதும் முடிந்த மட்டும் மூலத்திலிருந்தே செய்யட்டும், பழைய சுருக்கத்திலிருந்து வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் நான் ஒரு வேலையை மாடலின் கையில் விட மாட்டேன். "பல்க் சாயம் ஏற்றலாம்", "கட்டிங் போடலாம்", "சரக்கை அனுப்பலாம்" என்று சொல்லும் மெயில்கள் திரும்பப் பெற முடியாதவை. சாயம் ஏறிய துணியை என்ன செய்வது? இந்த மாதிரி மெயிலை ஏஜெண்ட் தயாரிக்கும்போது, அந்த ஆர்டரில் நடப்பில் உள்ள பதிவு எதுவும் இந்த வேலையைத் தடுக்கிறதா என்று புரோகிராம் பார்க்க வேண்டும். பதிவு 14 நடப்பில் இருந்தால் டிராஃப்ட்டே வரக்கூடாது. பையர் வாசகத்தை மேலே காட்டி "இது இன்னும் தீரவில்லை" என்று நிற்க வேண்டும். இதற்கு ஏஐ தேவையே இல்லை, நாலு வரி கோடு. நீங்கள் அனுப்புவதை மனிதர் கையில் வைத்திருந்ததால்தான் இந்தத் தடவை தப்பித்தீர்கள். ஆனால் ஷிப்மெண்ட் நெருக்கத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு முப்பதாவது டிராஃப்ட்டைப் பார்க்கிறவரின் கண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாமே என்ற ஆசை கட்டாயம் வரும். ஒரு ஆர்டருக்கு இருநூறு பதிவு சேர்ந்தால் மாடல் அதிலும் நடுவில் கிடப்பதைத் தவறவிடும், உங்கள் ஆட்களும் படிக்காமலே ‘சரி’ தட்டப் பழகுவார்கள். வார்த்தை மாறினால் பணம் போகுமா, சரக்கு திரும்புமா, டெபிட் நோட் (பணத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு) வருமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது சுருக்கத்துக்கே போகட்டும். பட்டன் நிறம் பற்றி நாலு நாள் நடந்த பேச்சுவார்த்தை யாருக்கும் வேண்டாம், கடைசியில் முடிவான நிற எண் மட்டும் போதும். அப்புறம், தீர்ந்த பதிவை நடப்பிலிருந்து எடுக்க மறக்காதீர்கள். பையர் நிபந்தனையை மாற்றினால் பழையதைத் திருத்தாமல் புது எண்ணில் புதுப் பதிவு போட்டு, பழையதில் "பதிவு 22-ஆல் ரத்து" என்று குறியுங்கள். பின்னால் தகராறு வந்தால் எந்தத் தேதியில் எது நடப்பில் இருந்தது என்று காட்ட இதுதான் உதவும்.

ஐடி தம்பி இதையெல்லாம் ஒன்றுமில்லாததிலிருந்து கட்ட வேண்டியதில்லை. சமீபத்திய சில பேச்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு பழையதை மட்டும் சுருக்கும் வசதி லாங்செயின் என்ற ஏஜெண்ட் கட்டும் மென்பொருளில் ரொம்ப நாளாக இருக்கிறது. மாடலின் பார்வைக்குள் இருக்கும் நினைவு, வெளியே கிடங்கில் இருக்கும் நினைவு என்று பிரித்து, மாடலே இரண்டுக்கும் நடுவே எடுத்து வைக்கும் யோசனையை 2023-இல் மெம்ஜிபிடி என்ற ஆய்வு முன்வைத்தது. கோடு எழுதும் கிளாட் கோட் கருவியில் சுருக்கச் சொல்லும்போதே எதைக் காக்க வேண்டும் என்று சேர்த்து எழுதலாம். அதோடு நிரந்தர உத்தரவுகளைத் தனிக் கோப்பில் வைத்தால், சுருக்கத்துக்குப் பிறகு அந்தக் கோப்பை அது மறுபடி முழுதாகப் படிக்கிறது. பேச்சுவாக்கில் சொன்ன உத்தரவு தேயும், கோப்பில் எழுதியது தேயாது. உங்கள் பதிவேட்டுக்கும் அதே தத்துவம்தான். ஆனால் இவற்றில் எதுவும் பதிவு 14-ஐ உங்களுக்காகத் தானே எழுதிவிடாது. அது உங்கள் பிரிவு செய்ய வேண்டிய வேலை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. முடிந்துபோன ஒரு பழைய ஆர்டரின் மொத்த மெயிலையும் ஏஜெண்டுக்குக் கொடுத்து, உங்களுக்கு விடை தெரிந்த பத்துப் பதினைந்து கேள்விகளைக் கேளுங்கள்: ஜிஎஸ்எம் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம், எந்த வெளிச்சத்தில் ஷேட் பார்க்க வேண்டும், எந்த ஒப்புதல் யாருடையது. பிறகு வேண்டுமென்றே சுருக்க வைத்து அதே கேள்விகள். மறுபடி சுருக்கி மறுபடி கேளுங்கள். ஒரு சுருக்கத்தோடு நிறுத்தினால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூன்றாவதில்தான் சாயம் வெளுக்கும். கேள்விகளில் ஒன்றிரண்டு "இதைச் செய்துவிடலாமா?" என்ற வகையில் இருக்கட்டும். தகவல் கேட்டால் சரியாகச் சொல்லும் ஏஜெண்ட், செய்யலாமா என்று கேட்டால் தலையாட்டிவிடுவதுண்டு.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு: ஏற்கெனவே சுருக்கம் நடந்துவிட்ட உரையாடல்களை நம்பி இனி எந்த மெயிலும் எழுத வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் புது உரையாடல் தொடங்கி, பையரின் மூல மெயில்களிலிருந்து நடப்பில் உள்ள நிபந்தனைகளை முதலில் பதிவாக எடுத்து, உங்கள் சீனியர் மெர்ச்சண்டைசர் ஒருவரை உட்கார வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்தப் போலோ ஆர்டரில் முதல் லாட் ஷேட்டுக்கு எழுத்து ஒப்புதல் வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால், டையிங் யூனிட்டுக்கு முதல் லாட்டோடு நிறுத்தச் சொல்லி உங்கள் கைப்பட ஒரு மெயில் இன்றே போட்டுவிடுங்கள். ஏஜெண்ட் வேறு ஏதாவது டிராஃப்ட்டில் அந்தப் பழைய வரியைச் சேர்த்து, அது ஏற்கெனவே போயிருக்கவும் கூடும்.